சாம்பிராணிப் பிரபு

"அப்பா, இந்தச் சாமிக்கும் உன்னை மாதிரியே பல்லு. இவரைப் பார்த்து மட்டும் ஏன் யாரும் சிரிக்க மாட்டேங்கறாங்க?"

பருத்திப்பட்டு ஏரிக்கரை முனீஸ்வரன் முன்னால் நின்றுகொண்டு வர்ஷா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. "சாமியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாதும்மா" என்று கஜபதி அன்றைக்கு ஒருவழியாகச் சமாளித்துவிட்டார். அது பதிலே இல்லை என்பது அவருக்கே தெரியும். வர்ஷா இப்போது ஒன்பதாம் வகுப்பு. கேள்வியை அவள் மறந்துபோனாள். அவர் மறக்கவில்லை.

அந்தப் பல்லைத் தேடிக்கொண்டுதான் இப்போது ஸ்ரீராம் வாசலில் வந்து நின்றான்.

"சார், இந்த வருஷம் பொங்கல் விழா நாடகத்துல நீங்கதான் ஹீரோ!"

"நானா? எப்பவும் போல நாற்காலி எடுத்துப் போடறேனே, தம்பி."

"நாற்காலி யாரு வேணா போடலாம் சார். இந்த மாதிரி பல்லு யாருக்கு இருக்கு?" சொன்ன கையோடு ஸ்ரீராம் நாக்கைக் கடித்துக்கொண்டான். "தப்பா எடுத்துக்காதீங்க சார்."

கஜபதி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. படைத்துறைத் தொழிற்சாலை ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர். மேல்வரிசைக் கோரைப்பற்கள் இரண்டும் உதட்டைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும். சிரிப்பு வந்தால் வலது கை தானாக வாய்க்குப் போய்விடும். ஆனால் போன வருஷம் வர்ஷாவின் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவுக்கு அவர் போய்வந்த மறுநாள், ஒரு பையன் இரண்டு சாக்பீஸ் துண்டுகளை உதட்டில் செருகிக்கொண்டு அவரைப்போல் நடந்து காட்டினானாம். வகுப்பே சிரித்ததாம். வர்ஷா அதை அம்மாவிடம் அடுப்படியில் மெதுவாகத்தான் சொன்னாள். கூடத்தில் இருந்த அப்பாவின் காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் பள்ளிக்கூடத்துப் பக்கமே போவதில்லை.

ஸ்ரீராம் நாலாவது மாடி. ஐ.டி. கம்பெனி வேலை. குடியிருப்போர் சங்கத்தின் கலைச் செயலாளர். வருஷா வருஷம் போடும் மாமியார் மருமகள் நாடகம் அவனுக்கு அலுத்துவிட்டது. வெளிநாட்டுத் திகில் நாவல்களைப் படித்துப் படித்து, அந்த மாதிரி ஒன்றைத் தானே எழுதியிருந்தான்.

"ரத்தம் குடிக்கிற பிரபு சார். பாழடைஞ்ச கோட்டை. வெளியில மூடுபனி. எங்கேயோ ஓநாய் ஊளையிடுது. உள்ள ஒரே ஒரு மெழுகுவத்தி. அலறல் கிடையாது, அடிதடி கிடையாது. எல்லாம் மூட் சார், மூட்! ஜன்னல் திரை ஆடினாலே ஜனங்க மூச்சு விட யோசிக்கணும்."

"யாரும் சிரிக்க மாட்டாங்களே?"

"சிரிக்கறதா? உங்களைப் பார்த்து மொத்த அப்பார்ட்மெண்ட்டும் நடுங்கப் போகுது!"

கஜபதி ஒரு நிமிஷம் யோசித்தார். எறும்பை மிதித்தால்கூட மன்னிப்புக் கேட்கிற மனிதர் அவர். யாரையும் பயமுறுத்த அவருக்கு ஆசையில்லை. ஆனாலும் ஒரே ஒரு சாயங்காலம், வர்ஷா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, இந்தப் பல்லைப் பார்த்து யாரும் சிரிக்காமல் இருந்தால்?

"சரி தம்பி" என்றார், வாயைக் கையால் மூடிக்கொண்டு.

ஒத்திகையிலேயே மூட் கிடைக்க மறுத்தது. அந்த வெளிநாட்டுக் கதைகளில், வீட்டார் கூப்பிடாமல் பிரபு உள்ளே நுழைய முடியாதாம். வாசலில் நின்று காத்திருப்பாராம். அந்தக் காத்திருப்பில்தான் திகிலே இருக்கிறது என்று ஸ்ரீராம் விளக்கினான். கதாநாயகி அவன் மனைவி ஷர்மிளா. பிரபு வாசலில் வந்து நின்றதுதான் தாமதம், அவள் வாய் தானாகத் திறந்துவிடும்.

"வாங்க சார், உள்ள வாங்க. ஏன் வெளியவே நிக்கறீங்க?"

"பரவாயில்லம்மா, இங்கயே இருக்கேன்."

"ஐயோ, நீ அவரைக் கூப்பிடத் தயங்கணும்டி!" என்று ஸ்ரீராம் தலையில் அடித்துக்கொள்வான்.

"வாசல்ல நிக்கற பெரியவரை எப்படிங்க தயங்கறது?"

பிரபு படுக்கச் சவப்பெட்டி வேண்டும். கேட்டுக்கு எதிரே இட்லி மாவு அரைத்து விற்கும் பார்வதத்துக்குப் புதுக் கிரைண்டர் வந்திருந்தது. அது வந்த மரப்பெட்டி நீளமாக, வாட்டமாக இருந்தது. ஸ்ரீராமும் கஜபதியும் போய்க் கேட்டார்கள்.

"பொட்டியா? எடுத்துக்கோ. இன்னாத்துக்கு?"

"சார் இதுல படுத்து எழுந்திரிக்கணும்மா. நாடகம். நீங்களும் வந்துடுங்க."

பார்வதம் கஜபதியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. சிரித்தும் யாரும் பார்த்ததில்லை. போன ஐப்பசி மழையில் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வாசலில் அவள் மாவு வாளியோடு சேற்றில் வழுக்கி விழுந்தாள். தலையிலிருந்து கால்வரை மாவு. ஷேர் ஆட்டோவுக்கு நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. அடுத்த விநாடி, பின்னால் வந்த கஜபதியும் சாப்பாட்டுப் பையோடு தடாலென்று விழுந்தார். விழுந்த வேகத்தில் அவர் வாய் திறந்துகொள்ள, கூட்டம் அவளை விட்டுவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்துத் தீர்த்தது. இருவரும் எழுந்து ஆளுக்கொரு திசையில் போனார்கள். அந்தச் சட்டையைத் துவைக்கும்போது அவர் மனைவி சுதா, "நடக்கிற வயசுல நடக்கத் தெரியல" என்று திட்டியதோடு அந்த விஷயம் முடிந்தது. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, கஜபதியும் பார்வதமும் மாவுக்கு வேண்டிய வார்த்தைகளுக்கு மேல் பேசிக்கொண்டதில்லை.

பொங்கல் விழா அன்றைக்குக் காலையிலேயே மூட் கெட ஆரம்பித்தது.

முதலில் அங்கி. வாடகைக் கடையிலிருந்து வந்த கறுப்பு அங்கி ஆறு வயதுப் பிள்ளைக்கானது. முதுகில் ஜிகினா நட்சத்திரம் வேறு. "கவலைப்படாதீங்க" என்று மூன்றாவது மாடி வெங்கட் ஓடிப்போய், சபரிமலைக்குப் போய்வந்த தன் கறுப்பு வேட்டிகள் இரண்டைக் கொண்டுவந்தான். பின் குத்தித் தோளில் போட்டதும் அங்கி மாதிரிதான் இருந்தது. போட்டுக்கொள்ளுமுன் கஜபதி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்தது மூடுபனி. புகை மெஷினைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு முறை உறுமியது. மொத்தக் கட்டடத்துக்கும் கரண்ட் போயிற்று. லிப்டில் சங்கத் தலைவரின் மாமியார் மாட்டிக்கொண்டார். அவரை வெளியே எடுத்த பிறகு, இனி அந்த மெஷினைத் தொட்டால் விழாவே கிடையாது என்றார் தலைவர். "புகைதானே? எங்க வீட்டுல சாம்பிராணி இருக்கு" என்றாள் சுதா. எல்லா வீட்டிலும் இருந்தது. மேடைக்குப் பின்னால் தூபக்கால்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

ரத்தத்துக்கு ரோஸ் சிரப் வைத்திருந்தார்கள். அதை எறும்பு மொய்த்துக்கொண்டது. ஷர்மிளா மஞ்சளில் சுண்ணாம்பைக் கலக்கி, அருமையான சிவப்பாக ஒரு தட்டு நிறைய ரத்தம் தயாரித்துக் கொடுத்தாள்.

"பூண்டு எங்கே? பிரபுவை விரட்ட வீசற பூண்டு மாலை எங்கே?" என்று ஸ்ரீராம் கத்தினான்.

"அது நாடகத்துக்கா?" என்று விழாச் சமையல்கட்டிலிருந்து பதில் வந்தது. "ரசத்துல போட்டாச்சுங்களே!"

பூண்டுக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததை நூலில் கோத்தார்கள். கையில் கிடைத்தது எலுமிச்சம்பழம்.

"ஓநாயாவது இருக்கா, யூசுப் பாய்?"

மைக் செட் யூசுப் தலையைச் சொறிந்தார். "இன்னா சொல்றது, தம்பி. கரண்ட் போச்சுல்ல, அப்போ லேப்டாப் பூட்சு. பென்டிரைவ்ல ஆடி மாசத்துக் கோயில் பம்பை உடுக்கைதான் கீது. அது போடட்டா? ஊளைய வுட அது பயங்கரமா இருக்கும், நைனா."

ஸ்ரீராம் நாற்காலியில் சரிந்தான். கூட்டம் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. "மெதுவா வைங்க" என்றான் பலவீனமாக.

திரை விலகியது.

சாம்பிராணிப் புகை மேடையிலிருந்து மெல்ல இறங்கிக் கூட்டத்துக்குள் பரவியது. முன்வரிசையில் சிலர் தங்களை அறியாமல் செருப்பைக் கழற்றினார்கள். உடுக்கை அதிர்ந்தது. 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போட்டிருந்த பெட்டியிலிருந்து, கறுப்பு வேட்டி அணிந்த கஜபதி எழுந்தார். "சாமியே சரணம்" என்று எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது.

ஷர்மிளா அலறிக்கொண்டே மாலையை வீசினாள். பிரபுவின் காலடியில் விழவேண்டியது அது. பூண்டின் கனத்துக்குப் பழகிய அவள் கை எலுமிச்சம்பழத்தை எதிர்பார்க்கவில்லை. மாலை நேராகப் பறந்துபோய்க் கஜபதியின் கழுத்தில் விழுந்து, மார்பில் அழகாகத் தொங்கியது.

இப்போது பிரபு வாயைத் திறந்து பல்லைக் காட்ட வேண்டும். கீழிருந்து ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. கஜபதி முன்வரிசையைப் பார்த்தார். வர்ஷா இருந்தாள். அவர் வாயைத் திறந்தார்.

பற்கள் இரண்டும் சிவப்பாக மின்னின.

பிறகு பின்வரிசையில் ஒரு பையன் குரல்: "டேய், மேக்கப்பே இல்லடா, ஒரிஜினலு!"

முதலில் ஒரு சிரிப்பு. பக்கத்தில் இன்னொன்று. அது வரிசை வரிசையாக முன்னால் நகர்ந்து வந்தது. வர்ஷாவின் தலை மெதுவாகக் குனிந்தது. கஜபதிக்குப் புகையெல்லாம் கண்ணுக்குள்ளேயே போனதுபோல் இருந்தது. வலது கை வாயை நோக்கிக் கிளம்பியது.

"ஐயா!"

கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்த அந்தக் குரலில் விளக்கே அதிர்ந்தது. பார்வதம் எழுந்து நின்றாள். கொண்டை அவிழ்ந்து கூந்தல் தோளில் விழுந்தது. உடல் உலுக்கி உலுக்கி ஆடியது. நாற்காலிகள் விலகி வழிவிட்டன. ஆட்டத்தைப் பார்த்ததும் யூசுப்பின் கை பழக்கதோஷத்தில் சத்தத்தை முழுசாகத் திருப்பிவிட்டது.

"ஐயா முனீஸ்வரா! ஏரிக்கரைய வுட்டு எங்காண்ட வந்துட்டியா!" அவள் ஆடிக்கொண்டே மேடையடிக்கு வந்து விழுந்தாள். "என் பேரப்புள்ள காய்ச்சல்ல கண்ணத் தொறக்காம கெடக்கறான் ஐயா! நீ ஒரு வார்த்த சொல்லு!"

சிரிப்பு பட்டென்று அறுந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கஜபதி சொல்லவேண்டிய வசனம், 'உன் ரத்தம் எனக்கு வேண்டும்.' திரை ஓரத்திலிருந்து ஸ்ரீராம் அதைத்தான் வாயசைத்துக் கொண்டிருந்தான். ஆனால் காலடியில் ஒருத்தி அழும்போது அதை எப்படிச் சொல்வது? அவர் குனிந்து அவள் தலையில் கையை வைத்தார்.

"அழாதம்மா. சரியாப் போயிடும். நான் இருக்கேன்."

அதற்குப் பிறகு நாடகத்தை யாராலும் நிறுத்த முடியவில்லை. யாரோ அந்த ரத்தத் தட்டில் கற்பூரம் ஏற்றி ஆரத்தி எடுத்தார்கள். பிரபுவை விரட்டுவதற்காக வைத்திருந்த திருநீற்றுத் தட்டு அவர் கைக்கே வந்து சேர்ந்தது. மேடைக்கு முன்னால் வரிசை நின்றது. சங்கத் தலைவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். லிப்டில் மாட்டிய மாமியார் நின்றார். 'ஒரிஜினலு' என்று கத்திய பையனை அவன் அம்மா காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். கஜபதி அவன் நெற்றியிலும் பூசி, "நல்லாப் படிப்பா" என்றார்.

"மூட் போச்சு" என்று ஸ்ரீராம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து புலம்பினான். ஷர்மிளா அவனுக்கும் கொஞ்சம் திருநீறு வாங்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது வர்ஷா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்து வெகு காலம் ஆகியிருந்தது.

"அப்பா, கடைசியில யாருமே சிரிக்கல இல்ல?"

"இல்லம்மா."

அவருக்கு நியாயமாகச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கலக்கம்தான்.

"சுதா, சாமி சொல்ல வேண்டிய வார்த்தையை நான் சொல்லிட்டேன்டி. அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"நல்லதைத்தானே சொன்னீங்க."

"சரியாப் போயிடும்னு சொல்ல நான் யாரு? ஸ்டோர் கீப்பர்!"

அன்றே ஒரு வேண்டுதல் வைத்துக்கொண்டார். குழந்தைக்குக் குணமாகும்வரை காபி தொடுவதில்லை. காபி இல்லாத கஜபதிக்கு மறுநாளே தலைவலி பிளந்தது. ஆபீஸில் நட்டுக்குப் பதில் போல்ட்டை எடுத்துக்கொடுத்தார். சாயங்காலம் நேராகத் திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போய், "என் வாய்க்கொழுப்புக்குக் குழந்தையை வருத்தாதே" என்று நின்றார்.

இதற்கிடையில் அவர் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. செக்யூரிட்டி சல்யூட் அடித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெங்கட் புது பைக்கின் சாவியை நீட்டி, "சார், கையில வாங்கிக் குடுங்க" என்றான். நாலு பேர் கும்பிடும்போதெல்லாம் கஜபதிக்கு அந்தக் குழந்தையின் மூடிய கண்ணே தெரிந்தது.

பார்வதத்திடம் போய்க் கேட்டுவிடலாம். கெட்ட சேதியாக இருந்தால்? மாவு வாங்க வர்ஷாவை அனுப்பினார்.

"கடை மூடியிருக்கு அப்பா."

மறுநாளும் மூடியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள் என்று அவர் முடிவு செய்துவிட்டார். விடிந்ததும் விடியாததுமாக யாரும் பார்க்காமல் இரண்டு மாதுளம்பழங்களை அந்தக் கடை வாசலில் வைத்துவிட்டு வந்தார். வீட்டில் மூன்று வேளையும் உப்புமா. "உங்க வேண்டுதல்ல எங்களை ஏங்க வதைக்கறீங்க? ரேஷன் கடைக்கு எதிர்ல இன்னொரு மாவுக் கடை இருக்கு" என்றாள் சுதா. அவர் கேட்கவில்லை. வேறு கடையில் மாவு வாங்குவது அந்தக் குழந்தையைக் கைவிடுவதுபோல் அவருக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவே உண்டு படுத்திருந்த நேரத்தில், கடைக் கதவு பாதி திறந்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

பார்வதம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு? கடையே திறக்கல?"

"அத்த ஏன் கேக்கற சார். அன்னிக்கு ஆடுனதுல இடுப்பு புடிச்சிகிச்சு. எந்திரிக்கவே முடியல. எவனோ வாசல்ல மாதுளம்பயம் வெச்சிட்டுப் பூட்டான். இடுப்புக்கு தைலம் வெச்சா பிரயோஜனம் உண்டு. மாதுளம்பயத்த இன்னா பண்றது?"

கஜபதி ஓரடி கிட்டே வந்தார். "பேரன்... எப்படி இருக்கான்?"

"எந்தப் பேரன்?"

"காய்ச்சல்னு... கண்ணைத் திறக்கலன்னு..."

பார்வதம் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கமும் யாரும் இல்லை, அந்தப் பக்கமும் யாரும் இல்லை.

"எனக்குப் புள்ளையே கெடையாது சார். பேரன் எங்கேர்ந்து வருவான்?"

கஜபதி கவிழ்த்து வைத்திருந்த மாவு வாளியின்மேல் அப்படியே உட்கார்ந்தார். நெஞ்சிலிருந்து ஒரு பாறை எழுந்து நடந்து போனது. காய்ச்சல் இல்லை. மூடிய கண் இல்லை. குழந்தையே இல்லை. அப்பாடா என்று ஒரு பெருமூச்சு வந்தது. உடனே, பாலில் டிகாக்‌ஷன் கலக்கும் வாசனை எங்கிருந்தோ வருவதுபோல் இருந்தது.

"அப்போ அன்னிக்கு உங்களுக்கு அருள் வந்தது?"

"அந்தப் பசங்க சிரிக்க ஆரம்பிச்சாங்கோ. உன் பாப்பா தலய குனிஞ்சிகிச்சு. கையில வேற இன்னா கீது எனக்கு? எந்திரிச்சு ஆடுனேன்."

"அதுக்காக ஊரே பார்க்க இப்படியா? இடுப்பு போற அளவுக்கு ஒரு பொய்யாட்டம்! உங்களைப் பார்த்து யாராவது சிரிச்சிருந்தா?"

பார்வதம் ஒரு பொட்டலம் மாவை எடுத்து அவர் கையில் வைத்தாள். அது போதாதென்று இன்னொரு பொட்டலத்தை மற்றக் கையிலும் வைத்தாள். கஜபதிக்குச் சிரிப்பு வந்தது. கை இரண்டிலும் மாவு இருந்ததால் வாயை மூட முடியவில்லை. பல் தெரியவே சிரித்தார். அவளும் சிரித்தாள், முதல் தடவையாக.

"நீ மட்டும் இன்னா சார், அன்னிக்கு ஸ்டேஷனாண்ட சேத்துல நெசமாவா வழுக்கி வுயுந்தே?"